கோப்பையை வென்ற பின் காணாமற்போன பிளாக்பர்ன் ஒலிம்பிக்

மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தில் பிளாக்பர்ன் ரயிலைப் பிடித்தால், போல்டனைத் தாண்டியதும் பாதை குன்றுகளுக்கிடையே ஏறத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. அதற்குச் சற்று முன்னால் டார்வென் என்றொரு சிற்றூர் வரும். இந்தியாவில் நடந்த அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்து தவித்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் காண்பதற்காக, 1931 செப்டம்பரில் காந்தி வந்து தங்கிய ஊர் அது. பிளாக்பர்னும் அதே பிழைப்பில் வளர்ந்த ஊர்தான். இந்தியச் சந்தைக்கென்றே மலிவான வேட்டித் துணியை மலைமலையாக நெய்து கப்பலேற்றிய ஊர் என்பதால், நம்மவர்களுக்கு அதன் பெயர் ஒரு காலத்தில் நன்கு தெரிந்திருந்தது. நான் அங்கே போனது துணியைத் தேடி அல்ல. 11 ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்து மறைந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற கால்பந்துக் கழகத்தின் மைதானம் இருந்த இடத்தைப் பார்க்க. எனினும் அந்தக் கழகத்தின் கதையைத் துணியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

நிலையத்திலிருந்து பேராலயத்தைக் கடந்து வடக்கே நடந்தால் ஷியர் ப்ரோ என்ற தெரு செங்குத்தாக மேலேறுகிறது. இருமருங்கும் ஒட்டி நெருங்கிய பழைய தொழிலாளர் வீடுகள். இன்று அவற்றில் பெரும்பாலும் குஜராத்தி, பாகிஸ்தானியக் குடும்பங்கள் வாழ்கின்றன. மூச்சு வாங்க ஏறி மேட்டை அடைந்தால், 2022-ல் மூடப்பட்ட புனித மேரி கல்லூரியின் கட்டடங்கள் தெரியும். அந்த வளாகம் இருக்கும் இடத்தில்தான் ஒலிம்பிக்கின் மைதானம் இருந்தது. பக்கத்திலிருந்த மதுக்கடையின் பெயரால் அதைச் ‘சுவரில் ஓட்டை’ மைதானம் என்று அழைத்தார்கள். மேட்டின் மேல் வீசிய குளிர்காற்றில் சில நிமிடங்கள் நிற்பதே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே தொண்ணூறு நிமிடம் பந்தாடியவர்களையும், அதற்குக் காசு கொடுத்து நின்று பார்த்தவர்களையும் எண்ணி வியந்தேன்.

1878-ல் உள்ளூர்ச் சிறு அணிகள் இரண்டு இணைந்து இக்கழகம் உருவாயிற்று. நவீன ஒலிம்பிக் போட்டிகள் தொடங்க இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன; ஆனால் கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் அகழாய்வு நடந்துகொண்டிருந்த காலமாதலால் அந்தப் பெயர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஊரில் அதற்கு மூன்றாண்டு முன்பே, 1875-ல், பிளாக்பர்ன் ரோவர்ஸ் தோன்றியிருந்தது. ரோவர்ஸைத் தொடங்கியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஒலிம்பிக்கோ சனிக்கிழமைப் பிற்பகல் ஆலைச் சங்கு ஊதிய பிறகு ஆட வந்தவர்களின் அணி.

இங்கிலாந்தில் அப்போது கால்பந்துச் சங்கக் கோப்பை என்பது ஏறக்குறைய கனவான்களின் குடும்பச் சொத்து. ஈட்டன் போன்ற உயர்குடிப் பள்ளிகளில் படித்தவர்களும் இராணுவ அதிகாரிகளும் தங்களுக்குள்ளேயே அதைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். முன்பு சொன்ன டார்வெனின் ஆலைத் தொழிலாளர்கள் 1879-ல் பழைய ஈட்டன் மாணவர் அணியிடம் 5-5, 2-2 என்று இருமுறை சமன் செய்தபோது, மூன்று ஆட்டங்களுமே இலண்டனில் நடந்ததால், ஊரே நன்கொடை திரட்டி ஒவ்வொரு முறையும் அவர்களை ரயிலேற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அவர்கள் 6-2 எனத் தோற்றார்கள். திறமைக் குறைவைவிடப் பயணக் களைப்பும் கூலியிழப்பும்தான் அவர்களைத் தோற்கடித்தன என்பது என் எண்ணம். 1882 இறுதியாட்டத்தில் ரோவர்ஸும் அதே ஈட்டன் அணியிடம் ஒரு கோலில் தோற்றது.

மறு ஆண்டு ஒலிம்பிக்கின் முறை வந்தது. நெசவாளர்கள், நூற்பாளர், இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி, பிளம்பர், பல் மருத்துவரின் உதவியாளர் என்று அமைந்த அந்த அணிக்கு, வார்ப்பாலை உரிமையாளர் சிட்னி யேட்ஸ் 100 பவுண்டு கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பணத்தில், ஷெஃபீல்டிலிருந்து வந்து அணியில் ஆடியபடியே பயிற்சியும் அளித்த ஜாக் ஹண்டர், ஆட்டக்காரர்களைப் பிளாக்பூல் கடற்கரைக்கு அழைத்துச் சென்று தங்கவைத்து, நடைப்பயிற்சியும் ஓட்டமும் கட்டுப்பாடான சாப்பாடுமாகப் பழக்கினார். இன்று பள்ளி அணிகள்கூடச் செய்யும் காரியம் இது. அன்றைய கனவான்களுக்கோ ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி செய்வதே ஏமாற்று வேலைபோலத் தோன்றியது. ஆலைக்குப் போகாத நாளின் கூலியை யார் கொடுப்பது என்ற கேள்வி அவர்களுக்கு ஒருபோதும் எழுந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1883 மார்ச் 31 அன்று இலண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இறுதியாட்டம் நடந்தது. எதிரணி அதே பழைய ஈட்டன் மாணவர் அணி; அதன் தலைவர் கின்னேர்ட் பிரபு. அது அவருக்கு ஒன்பதாவது இறுதியாட்டம். குட்ஹார்ட் அடித்த கோலால் ஈட்டன் அணி முந்தியது. ஒரே ஆள் பந்தைக் காலோடு ஒட்டிக் கடத்திச் செல்வது ஈட்டன் பாணி. ஒலிம்பிக் ஆட்டக்காரர்களோ மைதானத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு நீளமாகப் பந்தை மாற்றி மாற்றி எதிரிகளை ஓடவிட்டார்கள். இரண்டாம் பாதியில் மாத்யூஸ் சமன் செய்தார். ஆர்தர் டன் காயம்பட்டு வெளியேறியதும், மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத அக்காலத்தில், ஈட்டன் அணி பத்துப் பேருடன் ஆட நேர்ந்தது. கூடுதல் நேரத்தில், குறுக்கே வந்த பந்தை நூற்பாலைத் தொழிலாளியான ஜிம்மி காஸ்ட்லி கோலுக்குள் செலுத்தினார். 2-1. கோப்பை முதல்முறையாக வடக்கே வந்தது. இனி இது இலண்டனுக்குத் திரும்பாது என்று அணித்தலைவர் வார்பர்ட்டன் ஊராரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்த வாக்கு வேறு விதத்தில் பலித்தது: 1895-ல் பர்மிங்காமில் ஒரு கடையின் காட்சிச் சன்னலிலிருந்து அந்தக் கோப்பை திருடுபோய், பிறகு கிடைக்கவே இல்லை. அதற்குப் பதிலாகச் செய்த புதிய கோப்பைதான் 1901-ல் இலண்டனுக்குப் போயிற்று.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பின் ஆறே ஆண்டுகளில் கழகம் கலைந்ததுதான் என்னை அந்த மேட்டுக்கு இழுத்துச் சென்றது. 1884 முதல் தொடர்ந்து மூன்றாண்டுகள் கோப்பையை வென்றது பக்கத்து ரோவர்ஸ். 1885-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டப்படி செல்லும் என்றானதும், மறைவில் நடந்தது வெளிப்படையாயிற்று. யாரிடம் பணம் அதிகமோ அவர்களிடம் நல்ல ஆட்டக்காரர்கள் போனார்கள். டிக்கெட் வசூலை நம்பிய ஒலிம்பிக்கால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1888-ல் ஆஸ்டன் வில்லா கழக நிர்வாகி வில்லியம் மெக்ரெகர் முயற்சியில் 12 கழகங்களுடன் கால்பந்து லீக் தொடங்கியபோது, ஓர் ஊருக்கு ஒரே இடம் என்ற நிலையில் பிளாக்பர்னின் இடம் ரோவர்ஸுக்குப் போயிற்று. லீக்கில் சேராத கழகங்கள் கூடி அமைத்த காம்பினேஷன் என்ற போட்டித் தொடரில் ஒலிம்பிக் சேர்ந்தது. அதுவும் ஒரு பருவம்கூட முழுதாக ஓடாமல் நின்றது. 1889 தொடக்கத்தில் சம்பளத்தை நிறுத்தி ஊதியமில்லா ஆட்டத்துக்கே திரும்பியது கழகம். அவ்வாண்டு செப்டம்பரில் கதவை மூடியது. பணம் பெற்று ஆடுவது இழிவல்ல என்று நாட்டை ஏற்கச் செய்ததில் பெரும்பங்கு அவர்களுடையது. அந்த ஏற்பாடு வந்ததும் அதில் முதலில் நசுங்கியவர்களும் அவர்களே.

மேட்டிலிருந்து இறங்கி, பேருந்தில் ரோவர்ஸின் ஈவுட் பார்க் மைதானத்துக்குப் போனேன். 1890 முதல் அவர்கள் அங்கேதான் ஆடுகிறார்கள்; வாசலில் ஜாக் வாக்கரின் சிலை நிற்கிறது. உருக்கு வணிகத்தில் ஈட்டிய செல்வத்தை அவர் கொட்டியதால் ரோவர்ஸ் 1995-ல் பிரீமியர் லீக்கை வென்றது. பணத்தைக் கொட்டி வாங்கிய வெற்றி என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். அந்த முகச்சுளிப்பில் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஊரில் இரும்பு முதலாளி ஒருவர் பந்தாட்டத்துக்குப் பணம் கொடுத்தது அது முதல்முறையல்ல. யேட்ஸின் 100 பவுண்டு அதற்கு நூறாண்டுக்கும் முன்பே வந்துவிட்டது. இரண்டாவது முதலாளி வந்தபோது ஊரில் ஒரு கழகம் மிஞ்சியிருந்தது என்பதுதான் ரோவர்ஸின் அதிர்ஷ்டம்.