பென்சிலில் எழுதிய 'பொய்'

ஜூன் 3

'வெக்கை' நேற்று ராத்திரி முடிந்தது. பூமணி 1982இல் எழுதிய நாவல். இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் பாதி, 2019இல் வந்த 'அசுரன்' மீதி. படம் பார்த்தாயிற்று, கதைதான் தெரியுமே என்ற நினைப்பு. முதல் இரண்டு பக்கத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது. படம் அப்பாவின் கதை. நாவலோ பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கண் போகிற வழியில் போகிறது. கையை வெட்டத்தான் நினைத்தான், ஆளே செத்துப்போனான். கொலை எடுத்த எடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் அப்பனும் மகனும் ஒளிந்து திரிவதுதான் மொத்த நாவலும்.

எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது என்று பக்கம் பக்கமாக வருகிறது. பழிக்குப்பழி என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு அலுப்புத் தட்டலாம். எனக்கு அந்த இடங்கள்தான் பிடித்திருந்தன. ஓடி ஒளிகிறவனுக்கும் மூன்று வேளை பசிக்கும் என்பது பல கதைக்காரர்களுக்கு மறந்துபோகிறது. அய்யா மகனிடம் பேசும்போது புத்தி சொல்கிற தோரணையே இல்லை. கூட வேலை பார்க்கிற ஆளிடம் பேசுவதுபோல் பேசுகிறார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எதைச் சொன்னாலும் நம்பத் தயாராகிவிட்டேன்.

வட்டார வழக்கு முதல் முப்பது பக்கம் கொஞ்சம் இழுத்தது. பிறகு வாய்விட்டுப் படித்தேன், சரியாகிவிட்டது.

ஜூன் 9

நூலகத்திலிருந்து 'பட்டாம்பூச்சி' எடுத்து வந்தேன். ஹென்றி ஷாரியர் எழுதி 1969இல் பிரெஞ்சில் வெளிவந்தது. தமிழில் ரா.கி.ரங்கராஜன். குமுதத்தில் தொடராக வந்தபோது வீடே வாரம் முழுக்கக் காத்துக் கிடந்ததாக அம்மா சொல்வாள். பைண்டிங் விட்டுப்போன பிரதி. பாதித் தாள்கள் பழுத்துவிட்டன.

முதல் நூறு பக்கத்துக்குள் ஒரு வேடிக்கை. எனக்கு முன்னால் படித்த யாரோ ஓரத்தில் பென்சிலால் 'பொய்' என்று எழுதியிருக்கிறார். சின்ன எழுத்து, அழுத்தமில்லாத கை. இருபது பக்கம் தள்ளி மறுபடியும் 'பொய்'. அதற்கப்புறம் நான் கதையைப் படித்தேனா, அடுத்த 'பொய்' எங்கே என்று தேடினேனா, தெரியவில்லை.

ஜூன் 12

பதினொன்று. எண்ணிவிட்டேன்.

பென்சில்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. செய்யாத கொலைக்கு 1931இல் ஆயுள் தண்டனை, பிரெஞ்சு கயானாவின் தண்டனைத் தீவுகள், தப்பித்தல், பிடிபடல், மறுபடி தப்பித்தல் என்று ஷாரியர் எழுதியதெல்லாம் தன் வாழ்க்கை என்றுதான் சொன்னார். புத்தகம் பிரபலமானதும் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், இதில் பல சம்பவங்கள் மற்ற கைதிகளுக்கு நடந்தவை, இந்த ஆள் டெவில்ஸ் தீவில் இருந்ததே இல்லை என்றார்கள். அந்தத் தீவிலிருந்து தேங்காய் மூட்டையைத் தெப்பமாக்கிக் கடலில் குதிக்கிற கட்டம்தான் புத்தகத்தின் உச்சம்! அலைகளை எண்ணி எண்ணி, ஏழாவதாக வருகிற பெரிய அலைக்கு ஒரு பெயரும் வைத்து, அது வரும்போது குதிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவான்.

அந்த இடத்தில் என் உள்ளங்கை வேர்த்தது நிஜம். நாவல் என்று அட்டையில் போட்டிருந்தால் இந்தத் தகராறே இல்லை. ஆனால் நாவலாக நினைத்துப் படித்தால், இந்த ஆளுக்கு மட்டும் எல்லாமே இவ்வளவு வாகாக அமைகிறதே, எல்லோரும் இவனையே மெச்சுகிறார்களே என்று நானே முகம் சுளித்திருப்பேன். 'உண்மைக் கதை' என்ற இரண்டு சொல்லுக்காக எத்தனை சலுகை கொடுத்திருக்கிறேன்.

ரங்கராஜனின் தமிழ் மட்டும் அப்படியே ஓடுகிறது. எங்கேயும் கல் தட்டவில்லை.

ஜூன் 17

பென்சில்காரர் உபயத்தில் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' இரண்டாம் முறை. சுந்தர ராமசாமி, 1981. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்தது 1960 ஜனவரி 4. அதற்கு மறுநாள் ஜே.ஜே. என்ற மலையாள எழுத்தாளன் இறந்தான் என்று நாவல் தொடங்குகிறது. காம்யு நிஜம், தேதி நிஜம், ஜே.ஜே. மட்டும் கற்பனை. முதல் தடவை படித்தபோது மலையாளம் தெரிந்த நண்பனிடம் ஜே.ஜே.யின் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு மானம் போனது. இதைச் சொல்வதில் இப்போது வெட்கமில்லை.

இந்த முறை ஒரு குறை தென்பட்டது. எல்லா வாக்கியமும் அடிக்கோடு போடச் சொல்லிக் கெஞ்சுகின்றன. நாலு பக்கத்துக்கு ஒரு பளிச் என்றால் ரசிக்கலாம், வரிக்கு ஒன்று என்றால் கண் கூசுகிறது. ஆனால் தமிழ் எழுத்தாளன் பாலுவைப் பார்த்த உடனே ஜே.ஜே. கேட்கிற முதல் கேள்வி, சிவகாமி அம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்பது, இப்போதும் சிரிக்க வைத்தது. கல்கி ரசிகையான என் அக்காவுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்டக் கூடாது.

ஜூன் 21

'சேப்பியன்ஸ்' பாதியில் நிற்கிறது. நாகலட்சுமி சண்முகத்தின் மொழிபெயர்ப்பு. மனிதன் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கியது என்று ஹராரி எழுதுகிற இடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுபதாயிரம் வருடத்துக்கு முன்னால் ஆட்கள் தலைக்குள் என்ன நடந்தது என்பதை, நேற்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி சொல்கிறார். 'ஒருவேளை' இன்னும் கொஞ்சம் தாராளமாக வந்திருக்கலாம். மிச்சத்தை எப்போதாவது பார்க்கலாம்.

ஜூன் 28

ஒரு வாரமாக 'என் சரித்திரம்'. உ.வே.சா. எண்பத்தைந்தை நெருங்கும் வயதில் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது. கனமான புத்தகம், மடியில் தலையணை வைத்து அதன்மேல் வைத்துத்தான் படிக்க முடிகிறது.

1880 அக்டோபர். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். உ.வே.சா. அப்போது கல்லூரித் தமிழ்ப் பண்டிதர், வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் எழுந்து நிற்பார் என்ற தைரியம். முதலியார் அசையவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். சரி, அப்புறம்? இவர் இன்னும் அடுக்குகிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கம்பராமாயணத்தை எடுத்து விடுகிறார், அதுவும் எடுபடவில்லை. கடைசியில்தான் சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்ற கேள்வி வருகிறது. இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்து, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாகக் கொண்டுவந்து, தமிழ்த்தாத்தா என்று நாடே கும்பிட்ட பிறகு எழுதுகிறவர். தனக்கு எதுவும் தெரியாமல் முழித்த அந்த ஒரு நாளை இரண்டு வரியில் கடந்து போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? கேள்வி கேள்வியாக எழுதி வைத்திருக்கிறார். ஷாரியர் ஒரு இடத்திலாவது இப்படி முழிக்கிறானா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

சமணக் காப்பியமான சிந்தாமணியைக் கையில் வாங்கிய பிறகும் சமண விஷயங்கள் புரியாமல், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அதையும் மறைக்கவில்லை.

ஜூலை 4

122 அத்தியாயம், முடிந்தது. முடிந்தது என்று சொல்லவும் முடியாது. 1942 ஏப்ரலில் அவர் இறந்துபோனதால் கதை மணிமேகலை வெளிவந்த காலத்தோடு நின்றுவிடுகிறது. இன்னும் நாற்பது வருட வாழ்க்கை பாக்கி. பாதிப் படியில் விளக்கு அணைந்த மாதிரி இருந்தது.

ஜூலை 5

'பட்டாம்பூச்சி'க்குக் கெடு இன்றோடு முடிகிறது. கொடுக்குமுன் அந்தப் பதினொரு 'பொய்'யையும் அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்து எடுக்கிறவராவது நிம்மதியாகப் படிக்கட்டுமே. பின்னட்டையின் உட்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். அதே சின்ன எழுத்து, அதே அழுத்தமில்லாத கை. இரண்டு தேதி குறித்திருக்கிறது, நடுவில் ஆறு வருட இடைவெளி. இரண்டாவதன் பக்கத்தில் 'மறுபடியும்'.

ரப்பரை டப்பாவில் போட்டுவிட்டு, புத்தகத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.