பிற்பகல் மழையும் கேமரன் மலையும்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் காலை பத்து மணி வெயிலை நம்பித் துணி துவைக்கலாம். பிற்பகல் இரண்டு மணி வெயிலை நம்பிக் கொடியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. மழை பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இறங்கும். அக்டோபர், நவம்பரில் கனமாக, ஏப்ரல், மே வாக்கில் இன்னொரு சுற்று. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்து இங்கே குடியேறுகிறவர்கள் மலாய் பழகுவதற்கு முன்பே இந்த நேரக்கணக்கைப் பழகிக்கொள்வது நல்லது. வெளிவேலை மதியத்துக்குள் முடிய வேண்டும். மிச்சப் பொழுது கூரைக்குக் கீழே.

ஊரோ உல்லாசத்துக்கு வருகிறவர்களுக்காக இருக்கிறது. பள்ளி விடுமுறை விட்டால் கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து பெரிய ஹோட்டலில் அறை எடுப்பார்கள். மழை பிடித்ததும், "இப்ப எங்க போறது?" என்று உங்களுக்குத்தான் போன் வரும். கோலாலம்பூர் போலப் பேரங்காடிக்குள் நாளை ஓட்டிவிட இங்கே வழியில்லை.

மழையில் போக முதல் இடம் தேயிலைத் தொழிற்சாலை. 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தின் சுங்கை பாலாஸ் பிரிவு, பக்கத்து ஊரான பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கிறது. திங்கட்கிழமை வழக்கமாக விடுமுறை. மற்ற நாட்களிலும் மாலை நாலுக்கு மேல் போவது வீண். தோட்டத்துச் சாலை ஒற்றைக் கார் அகலம்தான். எதிரே வேன் வந்தால் யாராவது பின்னுக்கு எடுத்தாக வேண்டும், அதுவும் மழையில். ஆகவே பதினொன்றுக்கே உள்ளே போய்விட்டு, மழையை அங்கேயே கழிப்பது புத்தி.

உள்ளே எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. பறித்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு 12 முதல் 18 மணி நேரம் வாட வைப்பார்கள். வாடிய இலை வளைய வேண்டும், ஒடியக் கூடாது. மழை நாளில் கொழுந்தே ஈரமாக வந்து சேர்வதால் இந்த வேலை இழுக்கும். பிறகு உருட்டும் இயந்திரம் இலையின் செல்களைக் கசக்கி உடைக்கிறது. சாறு காற்றோடு சேர்ந்ததும் பச்சை செம்பு நிறமாகிறது. இதைப் 'புளிக்க வைப்பது' என்பார்கள். உண்மையில் மாவு புளிப்பது போல இதில் நுண்ணுயிர்களின் வேலை இல்லை, காற்றின் வேலை. சீக்கிரம் நிறுத்தினால் தேநீரில் பச்சை வாடையும் துவர்ப்பும், தாமதித்தால் மந்தமான சுவை. சூடான காற்றில் உலர்த்தி ஈரத்தைச் சுமார் 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்ததும் மாற்றம் நின்றுவிடும். கடைசியில் சலிப்பு: பெரிய இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். இழுத்து ஆற்றும் பால் தேநீரான நம் தே தாரேக்கிற்கு ஏற்றது அந்தத் தூள்தான். அழகான டப்பாவில் இருக்கும் முழு இலையை வாங்கி, டின்பாலில் கொதிக்கவிட்டுப் பிறகு குறை சொல்லிப் பயனில்லை.

ஹோட்டல் மாலைத் தேநீருக்கு ஒரு தடவை போகலாம். கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்மோக் ஹவுஸ் 1937லிருந்து நிற்கும் கட்டடம். கணப்பும் மர உத்தரமுமாக மழைக்கென்றே கட்டியது போலிருக்கும். பொதுவாக இப்படிப்பட்ட இடங்களில் அங்கே தங்காதவர்களும் போய்த் தேநீர் குடிக்கலாம். விடுமுறை நாளில் முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது. விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி. 50 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருப்பது 58 வெள்ளியை ஒட்டி முடியும். சைவம் என்றால் ஸ்கோன், கிரீம், ஜாமுக்குப் பயமில்லை. முட்டையும் விலக்கு என்றால் ஸ்கோனைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜெல்லி வகைகளில் ஜெலட்டின் இருக்கக்கூடும்.

ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இருப்பதால் மழையிலும் பறிக்கலாம். காம்போடு கத்தரிக்க வேண்டும், பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. தின்னும்போது மட்டும் கழுவுங்கள். கழுவி வைத்த பழம் இந்த ஈரத்தில் மறுநாளே பூசணம் பிடிக்கும்.

சாயங்காலத்துக்கு ஸ்டீம்போட்: மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது. கடையில் சாப்பிட்டால் சைவர்கள் சூப்பைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கோழி எலும்போ நெத்திலியோ போட்டுக் காய்ச்சியிருப்பார்கள். வீட்டில் என்றால் மின்சாரச் சட்டி போதும். குளிருக்காக ஜன்னலை அடைத்துவிட்டுக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சமையலறையில் புதியவர்களைத் திணறடிப்பது உயரம். இங்கே தண்ணீர் சுமார் 95 பாகை (டிகிரி செல்சியஸ்) சூட்டிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக மாட்டேன் என்று அடம்பிடிப்பது பருப்பின் குற்றமில்லை. பருப்பும் கொண்டைக்கடலையும் குக்கரில்தான். ஊரில் வைப்பதற்கு மேல் இரண்டு விசில் கூட்டுங்கள்.

இட்லி மாவு இன்னும் பிடிவாதம். இரவில் வீட்டுக்குள்ளேயே 18 பாகைக்கு இறங்கிவிடுவதால், மாலை ஆறுக்கு ஆட்டியது காலையில் கல் மாதிரி அப்படியே இருக்கும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்புங்கள். அதை ஐஸ் பெட்டிக்குள் (ஃபிரிட்ஜ் அல்ல, மின்சாரம் இல்லாத தடித்த சுவர்ப் பெட்டி) வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய இரண்டு போத்தல்களை மூடி நிறுத்திப் பெட்டியை அடைத்துவிட வேண்டும். நாலு மணிக்கொரு முறை வெந்நீரை மாற்றினால் 12 மணி நேரத்தில் பொங்கும். அவசரப்பட்டு பாத்திரத்தையே வெந்நீரில் இறக்கினால் அடிமாவு வெந்துவிடும். ஐஸ் பெட்டி குளிரை வெளியே விடாதது போலச் சூட்டையும் விடாது, அவ்வளவுதான் விஷயம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி இங்கே ஓடும், மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பிளக்கின் உருண்டை முள்தான் பொருந்தாது. இங்கே மூன்று செவ்வக முள். பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு. 750 வாட் மிக்சிக்கு 5 ஆம்பியர், 2,000 வாட் ஹீட்டருக்கு 13 ஆம்பியர். உருண்டை முள்ளைக் குச்சியால் நெம்பி நுழைக்கும் பழக்கத்தை ஊரோடு விட்டுவிடுங்கள்.

மழை பெய்யும் பிற்பகலில் அலமாரியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலமாரியில் பட்டுப்புடவை, தோல் செருப்பு, சான்றிதழ் எல்லாவற்றிலும் பூசணம் ஏறும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துவிட்டு, கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவை அடித்தட்டில் வையுங்கள். அதில் சேரும் தண்ணீர் கால்சியம் குளோரைடு கரைசல். அது தோல் பொருளில் சிந்தினால் பொருள் கெடும், செடிக்கு ஊற்றினால் செடி கருகும். பூசணத்தை வினிகரால் துடைக்கலாம். அதே துணியில் குளோராக்ஸ் (வெளுப்புத் திரவம்) ஊற்றக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கட்டும்.

விருந்தாளிகள் மலை இறங்குவதும் காலையிலேயே. தாப்பாவுக்கு இறங்கும் சாலை 60 கிலோமீட்டர் வளைவு. கனமழைக்குப் பிறகு மண் சரியும் இடங்கள் அதில் உண்டு. நாலு மணி மழையில் புறப்படுகிறேன் என்பவரை இன்னொரு கப் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, சாலை நிலவரத்தைக் கேட்டு, சந்தேகம் இருந்தால் ஈப்போ பக்கம் இறங்கும் சிம்பாங் பூலாய் வழியாக மறுநாள் காலை அனுப்புங்கள்.