ஜோரோவுக்கு மஞ்சள் அட்டை

சேபர் என்ற வாள்வீச்சு விளையாட்டைக் கற்றுக்கொள்ளும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாள் சண்டைப் படம் பார்க்கக் கூடாது. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் இதை யாராவது எழுதி மாட்டியிருந்தால் நேற்று ராத்திரி ஒரு படம் முழுசாக ஓடியிருக்கும்.

போட்டது 1940ல் வந்த ஜோரோ. டைரோன் பவர் நாயகன், பேசில் ராத்போன் வில்லன். எம்.ஜி.ஆர்., நம்பியாருக்கு அப்புறம் வாளைப் பிடிக்கத் தெரிந்த மனுஷன் ராத்போன் ஒருத்தன்தான் என்பது பெரியப்பாவின் கட்சி. ஜோரோ படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் பேட்மேனின் அப்பா அம்மாவைச் சுட்டார்கள் என்று சின்னவன் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு செல்போனுக்குள் போய்விட்டான். சேபர் பழகும் பேத்தி பாப்பு மட்டும் காலை மடக்கி, ரிமோட்டை மடியில் வைத்து, நடுவர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் நிறுத்தம் முகமூடிக்கு.

"தாத்தா, அது வெறும் துணி. வேகமா தலையைத் திருப்பினா துணி அங்கேயே நிக்கும், தலை மட்டும் திரும்பும். ஓட்டை காதுப் பக்கம் போயிடும். அப்புறம் ஜோரோ குருடன்."

சரிசெய்ய வழி உண்டாம். உள்பக்கம் விறைப்பான துணி கொடுத்து, மூக்குத்தண்டுக்கு மேலே வளைத்துத் தைத்து, கண் ஓட்டையைப் பக்கவாட்டில் நீளமாக வெட்ட வேண்டும். வட்டமாக வெட்டினால் ஓரத்தில் வருகிற வாள் தெரியாது. அவளுடைய மாஸ்க்கில் முகம் முழுக்க எஃகு வலை. சேபரில் தலையும் இலக்கு, வாள் பட்டால் விளக்கு எரிய வேண்டும் என்பதால் அந்த வலையிலும் மின்சாரம் ஓட வேண்டும்.

"மூக்கும் தாடையும் அப்படியே தெரியுது, ஊர்ல ஒருத்தனுக்குமா அடையாளம் தெரியலை?" என்றாள்.

"நம்ம படத்துல கன்னத்துல ஒரு மரு ஒட்டினா பெத்த தாய்க்கே தெரியாது. நீ படத்தைப் போடு."

போட்டாள். மாட்ரிட்டில் படித்துவிட்டு கலிபோர்னியா திரும்பும் டியேகோ பகலில் வாசனைக் கைக்குட்டையோடு கொட்டாவி விடுகிற மைனர், ராத்திரியில் கறுப்பு உடை ஜோரோ. இதையெல்லாம் ஓட விட்டாள். பெரியப்பாவும் கொஞ்சம் இளகி முறுக்கு டப்பாவைத் திறந்தார். பிறகு அந்தக் கடைசிச் சண்டை வந்தது.

முகமூடி வீரன் படத்திலேயே பேர்போன சண்டை இதுதான். இதில் ஜோரோவுக்கு முகமூடியே கிடையாது! டியேகோவாகவே, பளபளக்கிற கோட்டோடு, வில்லன் கேப்டன் எஸ்டபானோடு மோதுகிறான். முகமூடி இருந்தால் டூப் போடுவது சுலபம், ரசிகனுக்கு யார் சண்டை போடுகிறார்கள் என்றே தெரியாது. இங்கே இரண்டு முகமும் விளக்கு வெளிச்சத்தில் பளிச். ராத்போன் நிஜமாகவே வாள் பயின்ற ஆள். சண்டையை அமைத்தவர் ஃப்ரெட் கேவன்ஸ். அந்தக் கால ஹாலிவுட்டுக்கு வாள் சொல்லிக்கொடுத்த பெல்ஜியக்காரர்.

பாப்பு அடித்த விசிலில் முறுக்கு டப்பா நழுவியது.

"ஹால்ட்! முன்காலைத் தாண்டிப் பின்கால் போகுது. சேபர்ல முன்னாடி குறுக்குக்கால் வெச்சா மஞ்சள் அட்டை. இப்ப உடம்போட உடம்பு மோதுறாங்க, அதுக்கும் மஞ்சள். ரெண்டாவது மஞ்சள் கிடையாது, சிவப்பு. எதிராளிக்கு ஒரு பாயிண்ட்."

"உயிர் போற சண்டைம்மா அது!"

"எல்லாச் சண்டையும் அப்படித்தான் தாத்தா."

நிஜ சேபரில் 14 மீட்டர் நீளக் களத்தில் ஒரு பாயிண்ட் சில விநாடியில் முடிந்துவிடும். இரண்டு பேரும் தொட்டால், இடைவெளி ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் இரண்டு விளக்கும் எரியும். அப்போது யாருக்குப் பாயிண்ட் என்று நடுவர் சொல்வார். சினிமாவில் நேர்மாறு. எதிராளியை நோக்கி வெட்டுவதில்லை, அவன் தடுக்கப்போகிற இடத்தை நோக்கி வெட்டுகிறார்கள். தலைக்கு வந்தால் ஐந்து, மார்புக்கு வந்தால் நான்கு, வெளிப்பக்கத்துக்கு மூன்று என்று தடுப்புக்கு எண் உண்டு. அந்த வரிசையை மனப்பாடம் செய்து ஆடுவதுதான் படத்துச் சண்டை. ஒருத்தன் ஒரு எண்ணை மறந்தால் இன்னொருத்தன் நெற்றி பிளக்கும். "அதனால நிஜத்தைவிட இதுதான் பயம்" என்றாள். படத்துக்கு அவள் கொடுத்த ஒரே மதிப்பெண் அது.

மெழுகுவர்த்திக் காட்சியும் வந்துபோனது. கேப்டன் வாளை வீசுகிறான், மெழுகுவர்த்தியின் தலை பறக்கிறது. டியேகோ வீசுகிறான், ஒன்றும் ஆகவில்லை. கேப்டன் சிரிக்கிறான். டியேகோ மேல்துண்டை எரியும் சுடரோடு அப்படியே தூக்கிக் காட்டுகிறான். எத்தனை தடவை பார்த்தாலும் பெரியப்பா கைதட்டுகிற இடம்.

"வெட்டியே வெச்சிருப்பாங்க" என்றாள்.

நிரூபிக்க அடுக்களையிலிருந்து மெழுகுவர்த்தியும் கத்தியும் வந்தன. குளிர்ந்த மெழுகு வெட்டுப்படாது, நொறுங்கும். முதல் வர்த்தி சில்லுசில்லாக மேஜையில் விழுந்தது. வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்த இரண்டாவது பாதி வரை வழவழவென்று வெட்டுப்பட்டு, நடுத்திரியில் மாட்டித் தொங்கியது. திரிதான் வில்லன். அதை முன்கூட்டியே அறுத்து, மெல்லிய மெழுகால் இரண்டு துண்டையும் ஒட்டி வைத்தால்தான் சுடர் அணையாமல் மேல்பாதியைத் தூக்க முடியும். மூன்றாவதில் செய்தும் காட்டினாள். பெரியப்பா கைதட்டவில்லை.

தோற்ற கோபத்தில் அவர் கேட்டார்: "உன் வாள் மொண்ணை வாள்தானே, அதுல என்ன ஆபத்து?"

"மொண்ணைதான். ஆனா உடையும். உடைஞ்ச முனை கூரா இருக்கும். அதுக்குத்தான் வாள் பிடிக்கிற கைப்பக்கம், அக்குள்ல தையலே இல்லாத பிளாஸ்ட்ரான்ங்கிற பாதுகாப்புச் சட்டையை உள்ளே போடுறோம்."

அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார். "அது எங்கேடி இப்போ?"

பையில் இருந்தது. வியாழக்கிழமை வியர்வையோடு, சுருட்டி. கூடவே வெள்ளி மினுக்கும் லாமே ஜாக்கெட்டும், அதே நிலையில். லாமேயில் உலோக இழை ஓடுகிறது. வியர்வை உப்பு அரித்தால் அந்த இடம் செத்துப்போகும், அங்கே தொட்டால் விளக்கு எரியாது. மடிக்கவே கூடாது, ஹேங்கரில் தொங்க வேண்டும், கையால் வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும், பிழியக் கூடாது. இதையெல்லாம் சொன்னது பாப்புவேதான், விசாரணையில், ஒவ்வொன்றாக. பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு இப்படித்தான் சுருட்டிக்கொண்டு போனாளா என்று பெரியம்மா கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

இப்போது குளியலறையில் லாமே சொட்டிக்கொண்டிருக்கிறது, ஹேங்கருக்காகப் பெரியப்பாவின் கல்யாண சட்டை நாற்காலிக்கு இறங்கிவிட்டது. படத்தை வாடகைக்கு எடுத்தது நான். 48 மணி நேரக் கெடு நாளை ராத்திரியோடு முடிகிறது, கேப்டன் எஸ்டபான் இன்னும் சாகவில்லை. ரிமோட் எங்கே என்றும் யாருக்கும் தெரியவில்லை.