மூத்த பெண்ணுக்கு ஏது நேரம்?

ஜூன் 11, புதன்

பதினொன்றாம் வகுப்பு தொடங்கிவிட்டது. மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண். கேட்டால் பதில் வரும், தானாக ஒரு வார்த்தை வராது. "வீட்டுக்கு மூத்ததா இருக்கும், அதான் அமுக்கம். கடைக்குட்டிங்கதான் வாயாடுங்க" என்றார் சக ஆசிரியை. எத்தனை வருடமாகவோ இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

பெற்றோர் கூட்டம். அந்தப் பெண்ணின் அம்மா வந்திருந்தார். "யார்கிட்டயும் ஒட்டமாட்டா டீச்சர். தம்பி அப்படியில்ல, ஊரெல்லாம் சிநேகிதம்."

ஆனால் நான் பார்த்தது வேறு. நேற்று மதிய இடைவேளையில் அணிக்கோவைக் கணக்கை நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் நோட்டை வைத்து, "குறியைப் பாருடி, இங்க மைனஸ்" என்று ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல சிரிப்பு வேறு. இவளா ஒட்டாதவள்?

நான்கு மணிக்கு மேல் என்ன செய்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டேன். சைக்கிளை எடுத்துப் போய்த் தம்பியைக் கூட்டி வர வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும். அம்மா தையல் கம்பெனியிலிருந்து திரும்ப ஏழு ஆகிவிடும். தம்பி? பையை வீசிவிட்டு ஏரிக்கரைக்கு கிரிக்கெட் ஆடப் போய்விடுவானாம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிறப்பு வரிசைதான் குணத்தை உருவாக்குகிறது என்ற எண்ணத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த பிள்ளை அரியணை இழந்ததுபோல் ஆகிவிடுகிறது என்றார் அவர்.

2015-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று, 1960-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் திரட்டிய தகவல்களை வைத்துச் செய்தது. சுமார் 3,77,000 பதின்வயதினர். கலகலப்பாகப் பழகும் குணத்தையும் அதில் அளந்திருக்கிறார்கள். பிறப்பு வரிசைக்கும் குணங்களுக்கும் உள்ள தொடர்பு சராசரியாக 0.02 (முழுத் தொடர்பு என்றால் 1). இருக்கிறது என்று சொல்லவே கூச்சப்படும் அளவு. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த இன்னொன்றிலும், யார் அதிகம் பழகுவார் என்பதில் மூத்தவர் இளையவர் வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டில் மட்டும் ஏன் அப்படித் தோன்றுகிறது? பதினாறு வயது அக்காவைப் பதினோரு வயது தம்பியோடு ஒப்பிடுகிறோம். அவள் பதினோரு வயதில் எப்படி இருந்தாள் என்று யாருக்கு ஞாபகம்?

ஜூலை 18, வெள்ளி

ஒரே வகுப்பில் மூத்த பையன்களும் இருக்கிறார்கள். டீக்கடை, மைதானம், பைக் ரிப்பேர் கடை என்று சாயங்காலம் முழுக்க அவர்களுக்கு ஆள் பழக்கம். வரிசை ஒன்றுதான், வேலை வேறு. சரி, அண்ணன்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டிப் பெண்ணாவது சுதந்திரமாக இருக்கிறாளா? அவள் கையில் போன் வந்தால் யாரோடு பேசுகிறாள் என்று அண்ணன் பார்க்கிறான்.

இன்னொன்றும் உண்டு. ஆண் குழந்தை வேண்டும் என்று அடுத்தடுத்துப் பெறும் வீடுகளில் மூத்த பெண்ணுக்குக் கீழே பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். அங்கே பெண் என்பதையும் மூத்தவள் என்பதையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. இரண்டும் சேர்ந்தே அவள் தலையில் விழுகின்றன. அவளுக்கு இல்லாதது நேரம். அதைக் குணம் என்று எழுதிவைப்பது அநியாயம். மதிப்பெண் அட்டையில் 'பழகும் தன்மை குறைவு' என்று இனி யாருக்கும் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வினாடி வினாக் குழுவுக்குப் பயிற்சி எப்போதும் பள்ளி விட்ட பிறகுதான். அதனாலேயே குழு முழுக்கப் பையன்கள். மதிய உணவுக்கு அடுத்த பாடவேளைக்கு மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். முதலில் தயங்கினார். புதன்கிழமைகளில் என் பாடவேளையையே விட்டுத்தருகிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார்.

மூன்றாம் பெஞ்ச் பெண் பெயர் கொடுத்துவிட்டாள். வேறு இரண்டு வீடுகளின் மூத்த பெண்களும் கொடுத்திருக்கிறார்கள். வட்டாரப் போட்டி சாயங்காலம் நடக்கும் என்கிறார்கள். அன்று தம்பியை யார் கூட்டி வருவது என்று அவள் அம்மாவிடம் அடுத்த வாரம் பேச வேண்டும்.