ரெசிடென்ட் ஈவில் சீரிஸும் எங்கட மை ரிப்பனும்

2022 ஜூலை 14. கொழும்பில ஊரடங்கு, ஜனாதிபதி கோட்டா சிங்கப்பூர்ல இருந்து ஈமெயில்ல ராஜினாமா அனுப்பின நாள். அதே நாள்தான் நெட்ஃபிளிக்ஸ்ல ரெசிடென்ட் ஈவில் எண்ட ஸோம்பி கேமை வைச்சு எடுத்த சீரிஸும் வந்தது. வெள்ளவத்தை வீட்டுக்குள்ள அடைபட்டுக் கிடந்த எனக்கு வேற என்ன வேணும், எட்டு எபிசோடையும் கரண்ட் வாற நேரமாப் பாத்துப் பாத்து முடிச்சன். போன கிழமை திரும்பவும் ஒருக்கா பாத்தன், கோவம் இன்னும் போகேல்ல.

கப்கொம் எண்ட ஜப்பான் கம்பனி 1996ல விட்ட முதல் ரெசிடென்ட் ஈவில் கேமை எங்கட வீட்டில 2001ல தான் விளையாடினம், அண்ணா காலி ரோட்டுக் கடையொண்டில வாங்கின பழைய பிளேஸ்டேஷன்ல. கேம் நடக்கிற ஸோம்பி மாளிகைக்குள்ள சேவ் பண்ணுறதெண்டா டைப்ரைட்டர் இருக்கிற இடத்துக்குப் போகோணும், கையில மை ரிப்பன் இருக்கோணும், ஒரு சேவுக்கு ஒரு ரிப்பன் போயிடும். விளையாட ரெண்டு பேரில ஒராளை எடுக்கலாம், கிறிஸ்ஸை எடுத்தா ஆறு சாமான்தான் தூக்கலாம், ஜில் எண்டா எட்டு. குண்டை எண்ணி எண்ணித்தான் சுடுறது, இல்லாட்டி சுடாம சுத்திக்கொண்டு ஓடுறது. அண்ணா சரியான கஞ்சன், ரிப்பனை மிச்சம் பிடிக்கிறன் எண்டு ரெண்டு மணித்தியாலமா சேவ் பண்ணாமலே போய்க்கொண்டிருந்தவர், அது வேற அந்த வருசத்துக் கரண்ட் கட் காலம், டப்பெண்டு வீடே இருட்டாப் போச்சு. கேம்ல ஜன்னலை உடைச்சுக்கொண்டு பாய்ஞ்ச நாய்க்குக் கூட நான் அப்பிடிக் கத்தேல்ல.

இந்தப் பயம்தான் சீரிஸ்ல துண்டா இல்லை. 2036ல ஜேட் எண்டவள் உலகமே அழிஞ்சுபோன பிறகு சுத்தித் திரியிறாள், முதல் எபிசோட்லயே மண்ணுக்குள்ள இருந்து பஸ் அளவில ஒரு மயிர்க்கொட்டி வருது, ஆனா அவளிட்ட என்ன தீர்ந்துபோச்சு, எது குறைவு எண்டு எனக்கு ஒரு இடத்திலயும் பதைக்கேல்ல. எங்களுக்கு 2022ல காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மெழுகுதிரியைக் கூட பாதிப் பாதியா எரிச்சம், உண்மையில ரெசிடென்ட் ஈவில் விளையாடினது நாங்கள்தான்.

சீரிஸின்ட மற்றப் பாதி 2022ல நடக்குது, தென்னாபிரிக்காவில நியூ ரக்கூன் சிட்டி எண்டு வைரஸ் செய்யிற அம்பிரெல்லா கம்பனி கட்டின பளபள ஊர், ஜேட்டும் பில்லியும் ஸ்கூல் போற பிள்ளைகள், ஜோய் எண்ட மாத்திரைதான் வில்லங்கம். அது பரவாயில்லை, ஏனெண்டா அங்க அவையின்ட அப்பா வெஸ்கரா நடிகர் லான்ஸ் ரெடிக் இருக்கிறார். கேம்ல வில்லன் வெஸ்கர் எரிமலையில செத்துப்போனவன், அதுக்கு குளோன் எண்டு ஒரு கதை கட்டி, மனுசன் ஒரே முகத்தை வைச்சுக்கொண்டு வேற வேற ஆளா நடிச்சிருக்கிறார் பாருங்கோ, அதுக்காகவே பாக்கலாம். 2023 மார்ச்ல செத்துப்போனார், பாவம். சீரிஸ் அதுக்கு முதலே போயிட்டுது, வந்து ரெண்டு மாசம் ஆக முதல் நிப்பாட்டிட்டாங்கள், கடைசியில கேம்ல வாற ஏடா வோங் எண்ட உளவுக்காரியின்ட பேரைச் சொல்லி ஆசை காட்டினதோட சரி.

அண்ணா இப்ப கனடாவில. போன ஞாயிறு வீடியோ கோல்ல அதே கேமின்ட ரீமேக் விளையாடிக்கொண்டிருந்தவர், கேமுக்குள்ள சாமான் வைக்கிற பெட்டியைத் திறந்து காட்டுறார், ஒரு குவியல் ரிப்பன். கடைசியா எப்ப சேவ் பண்ணினனீங்கள் எண்டு கேட்டன். சிரிக்கிறார். அங்க கரண்ட் போறேல்லைத்தானே அண்ணா எண்டன்.

"பழகிப்போச்சுடா."