வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டலில் தங்கினால் பின்பக்கத்தையும் போய்ப் பாருங்கள்

பிரிட்டிஷ் காலத்துப் பழைய ஹோட்டல்களில் தங்குவது எனக்கு வெறும் ஆசையாக ஆரம்பித்தது, இப்போது பழக்கமாகவே ஆகிவிட்டது. மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, எங்காவது ஒரு பழைய கட்டடத்தில் ஓர் இரவாவது படுத்து எழுந்து வந்தால்தான் மனசு ஆறும். ஆபீஸில் கேட்பார்கள், அந்தக் காசுக்கு இங்கே பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் புது ஃபைவ் ஸ்டாரில் ரெண்டு நாள் இருக்கலாமே, அங்கே குழாயைத் திறந்தால் உடனே வெந்நீர் வருமே என்று. வரும்தான். பழைய கட்டடத்தில் வெந்நீருக்குக் காத்திருக்க வேண்டும், மரத் தரை கிறீச்சிடும், மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஒரு ஈர வாசனை இருக்கும், பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் போகிறேன்.

எதற்குப் போகிறேன் என்றால், முதலில் அந்தக் கூரைக்காக. அறைக்குள் போனதும் படுக்கையில் மல்லாந்து படுத்து மேலே பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடாத அறையாக இருந்தால் தேக்கு உத்திரங்கள் தெரியும், அவற்றுக்கு நடுவே மெல்லிய செங்கற்கள் மூலைவாட்டில் வரிசை வரிசையாக ஓடும். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்கள். உத்திரங்களுக்கு மேல் அந்தச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவது, கீழே பலகையோ முட்டோ எதுவும் கொடுக்காமல். அப்புறம் உடைத்த செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மேலே கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள், கடுக்காய் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே. கடைசியில் தட்டோடு. கான்கிரீட் தளத்தின் கீழே படுத்தவர்களுக்கு ஏப்ரல் மாதத்தில் அந்த அறைக்குள் நுழைந்தவுடனே வித்தியாசம் தெரியும். ஃபேன் போதும்.

சுவரும் அப்படித்தான். நல்ல சுண்ணாம்புப் பூச்சின் மேல் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழவென்று வரும்வரை தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கையால் தடவினால் பளிங்கு மாதிரி இருக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் திரும்ப வெளியே விட்டுவிடும். ரிப்பேர் என்ற பெயரில் அதன் மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூச்சு பொருக்குப் பொருக்காகக் கிளம்பிவிடும். நிறைய காசு வாங்குகிற இடங்களில்கூட இந்தப் பொருக்கைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

சரி, இந்தக் கூரையை அடித்து இறுக்கிய பெண்கள் யார், சாந்து குழைத்தவர்கள் யார்? என்னை இத்தனை காலமாக இந்த ஹோட்டல்களுக்கு இழுத்துக்கொண்டே இருப்பது இந்தக் கேள்விதான்.

நான் அல்சூர்க்காரி. பெங்களூரில் கண்டோன்மெண்ட், அதாவது பிரிட்டிஷ் பட்டாளம் தங்குகிற பகுதி, வந்தது 1809இல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மலேரியாவில் செத்துக்கொண்டிருந்த பட்டாளத்தை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பட்டாளம் மெட்ராஸ் பட்டாளம், ஆகவே அதன் பின்னாலேயே வேலூர், ஆம்பூர், குடியாத்தம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து கொத்தனார், தச்சர், சமையல்காரர், ஆயா, வண்ணார், வண்டிக்காரர், சாமான் சப்ளை செய்கிற முதலியார் என்று நம் சனங்கள் வந்து சேர்ந்தார்கள். 1881இல் மைசூர் ராஜ்யத்தை உடையார்களிடம் திரும்பக் கொடுத்தபோதுகூட கண்டோன்மெண்ட்டை மட்டும் பிரிட்டிஷார் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள், 1947 வரைக்கும். இன்று ஹைகோர்ட்டாக இருக்கிற சிவப்புக் கட்டடம், அட்டாரா கச்சேரி, 1868இல் முடிந்தது. அதைக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். கப்பன் பூங்கா பக்கம் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரேஸ்கோர்ஸ் ரோட்டில் இருக்கும் வெஸ்ட் எண்ட் ஹோட்டல் 1887இல் மிஸஸ் பிரான்ஸன் என்ற அம்மாள் பத்து அறைகளோடு நடத்திய போர்டிங் ஹவுஸாகத் தொடங்கியது. அப்புறம் மெட்ராஸ் ஸ்பென்சர் கம்பெனி கைக்கு வந்தது. மெட்ராஸ் கன்னிமாரா ஹோட்டலும் ஊட்டி சவாய் ஹோட்டலும் அதே ஸ்பென்சர் குடும்பத்தில் இருந்தவைதான். இப்போது தாஜ் நடத்துகிறது, சுமார் இருபது ஏக்கர். தூங்குமூஞ்சி மரங்களும் அந்தப் பழைய வெராண்டாக்களும் பார்க்கப் பார்க்க அழகு. அங்கே அறை எடுக்க வசதிப்படாதவர்கள் ஒரு சாயங்காலம் டீ குடிக்கவாவது போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

எங்கள் தாத்தா கண்டோன்மெண்ட்டில் ஒரு ஹோட்டலின் சமையல்கட்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ரொட்டித்தூள் புரட்டிப் பொரித்த கட்லெட்டும், சர்க்கரையைக் கருக்கிச் செய்கிற புட்டிங்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது அவர் வழியாகத்தான். ஆனால் அந்த ஹோட்டலின் சாப்பாட்டுக்கூடம் எப்படி இருக்கும் என்று பாட்டி கேட்டால், கதவு வரைக்கும்தான் தனக்குத் தெரியும் என்பாராம். அந்தக் காலத்துச் சமையல்கட்டு புகைக்கும் தீக்கும் பயந்து பெரிய கட்டடத்தை விட்டுத் தள்ளியே இருக்கும், நடுவில் கூரை போட்ட நடைபாதை. அந்த நடைபாதையின் அந்த முனையில் பட்லர் தட்டை வாங்கிக்கொள்வார். தாத்தாவின் எல்லை அதோடு முடிந்தது.

நீலகிரியில் ஒரு பழைய பங்களா ஹோட்டலுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், கட்டட விஷயம் என்றால் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். அந்த அறையின் பாத்ரூமில் ரெண்டு கதவு. ஒன்று அறையிலிருந்து நாம் நுழைவது. இன்னொன்று எதிர்ச்சுவரில், கொஞ்சம் உயரம் குறைவு, வெளியே திறக்கிற மாதிரி. ஆணி அடித்து மூடி, வெள்ளைப் பெயிண்ட் பூசி, அதன் முன்னால் டவல் ஸ்டாண்டை நிறுத்தியிருந்தார்கள். நான் ஏதோ பழைய ஜன்னல் என்று நினைத்தேன். அப்பா ஸ்டாண்டை நகர்த்தி, கதவின் கீழ்க்கட்டையில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது எதுக்குன்னு தெரியுமாம்மா? தோட்டி வர்ற வழி."

வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தோம். பின்பக்கம், செடிகளுக்கு நடுவே மூன்று கல் படிகள், நடுவில் தேய்ந்து குழிந்து போய். ஃபிளஷ் வராத காலத்தில் மரப்பெட்டிக்குள் பீங்கான் பாத்திரம் வைத்த கமோடுதான் இருந்தது, துரை எழுந்து போனதும் அந்தப் பின்கதவு வழியாக ஆள் வந்து எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவி வைக்க வேண்டும். வீட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் வந்து போக வேண்டும், அதற்காகவே அளவெடுத்து வைத்த கதவு அது. அந்த வேலைக்கு எந்தச் சாதிக்காரர்களை வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும், அதை வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, இங்கே இருந்ததை எடுத்துத் தன் பங்களாவின் வரைபடத்திலேயே சேர்த்துக்கொண்டான். அப்பா அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய பெரியம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்ததை, அந்த வீட்டிலும் இப்படி ஒரு கதவு இருந்ததை, அந்தக் கதவு வழியாக வருகிறவர் பெயரைப் பெரியம்மாவே கூடக் கேட்டதில்லை என்பதை எல்லாம் அன்றைக்குத்தான் சொன்னார்.

அதிலிருந்து எங்கே போனாலும் நான் பின்பக்கம் போகாமல் திரும்புவதில்லை. கதவுக்கு மேலே சுவரில் சின்னதாக ஓட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் பங்கா, அதாவது கூரையில் தொங்கவிட்டுக் கையால் இழுக்கிற துணி விசிறி, அதன் கயிறு போன வழி. கயிற்றின் அந்த முனையில், வெராண்டாவில், ஒரு ஆள் ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காம்பவுண்டின் ஓரமாக வரிசையாக ஒரே மாதிரி சின்னச் சின்ன அறைகள் தெரிந்தால் அது வேலைக்காரர்கள் இருந்த லைன் வீடு. இப்போது ஸ்டோர் ரூமாகவோ, சில இடங்களில் ஸ்பாவாகவோகூட ஆகியிருக்கும்.

இதைச் சொல்லாமல் விடுகிறார்களே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒரு ஹோட்டலில், ஊரும் பெயரும் வேண்டாம், சாயங்காலம் ஹெரிட்டேஜ் வாக் என்று விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பிரபு எந்த அறையில் தங்கினார், எந்தச் சீமாட்டி எங்கே நடனமாடினார், சுவரில் தொங்குகிற புலித்தலையை யார் சுட்டது, எல்லாம் வந்தது. இதையெல்லாம் கட்டினது யாருங்க என்று கேட்டேன். "பிரிட்டிஷ் இன்ஜினீயர்ஸ் மேடம்" என்றார் அந்தப் பையன். அவன் மேல் கோபம் இல்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் அவன் சொல்கிறான். எழுதிக் கொடுத்தவர்கள் மேல் கோபம் இருக்கிறது.

மும்பையைப் பாருங்கள். தாஜ் மஹால் பேலஸ் 1903 டிசம்பர் 16 அன்று திறந்தது, ஜாம்செட்ஜி டாட்டாவின் பணத்தில். அதை வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் டி.என். மிர்சாவும், முடித்துக் கொடுத்தது சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன்னால் அந்த ஊரில் பெயர் பெற்றிருந்தது வாட்சன்ஸ் ஹோட்டல். இரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து பூட்டிய கட்டடம், 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சினிமாப் படங்களை இந்தியாவில் முதன்முதலாக அங்கேதான் காட்டினார்கள். காலா கோடா பக்கம் போனால் பார்க்கலாம், இப்போது சிதைந்துபோய் நிற்கிறது. டில்லியில் 1903இல் வந்த மெய்டன்ஸ், 1936இல் வந்த இம்பீரியல் என்று இருக்கின்றன, அங்கேயெல்லாம் இன்னும் தங்க வாய்க்கவில்லை.

பெங்களூரிலேயே ஒரு பழைய ஹோட்டலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிபன் பரிமாறிய பெரியவர் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஐயா எந்தப் பக்கம்?" என்று அப்பாவிடம் கேட்டார். அல்சூர் என்றதும், தான் மர்ஃபி டவுன் என்றும், தன் அப்பாவும் இங்கேயே தோட்ட வேலையில் இருந்தவர் என்றும் சொல்லி, ஷிஃப்ட் முடிந்ததும் எங்களைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பழைய சமையல்கட்டின் புகைபோக்கி, அடியில் கரி ஏறி இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. பக்கத்தில் துணி துவைத்த கல். எந்த மரத்தை எந்த வருஷம் யார் வைத்தார்கள் என்று ஆள் பெயரோடு சொன்னார். மாடசாமி, பெரிய சின்னப்பன், ஒரு கண்ணுத் தாத்தா. ஹோட்டல் கொடுத்த பளபளப்பான புத்தகத்தில் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். புக் செய்யும்போது பழைய பிளாக்கில் அறை வேண்டும் என்று போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் நிறைய இடங்களில் பெயர் பழசு, அறை புதுசு. மும்பை தாஜில்கூட டவர் பகுதி 1970களில் வந்தது, பேலஸ் பகுதிதான் பழசு. வெள்ளைத் தூணும் வளைவு ஜன்னலும் வைத்துவிட்டாலே பழைய கட்டடம் ஆகிவிடாது, நம் ஊரில் கோல்ஃப் மைதானத்துப் பக்கம் இருக்கிற வின்ட்ஸர் ஹோட்டல் 1980களில் கட்டியதுதான். மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹெரிட்டேஜ் ஹோட்டல் என்று வகைப்படுத்த வேண்டுமானால் கட்டடம் 1950க்கு முந்தியதாக இருக்க வேண்டும். ஒரு இரவுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் வார நாட்களில் போனால் வாடகை நன்றாகவே குறையும், ஈர வாசனையைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால். வயசானவர்களோடு போகிறவர்கள் தரைத்தளம் கேளுங்கள், பழைய மாடிப்படிகள் அகலம்தான், ஆனால் மெழுகு போட்டு வழுக்கும்.

கொஞ்ச காலமாக நான் ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வருகிறேன். அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், சிவாஜி நகர் பக்கம் பழைய ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் பங்களாக்களிலும் வேலை பார்த்தவர்களின் பெயர், என்ன வேலை, எந்தக் காலம், எந்த ஊரிலிருந்து வந்தார்கள். உங்கள் வீட்டில் தாத்தாவோ கொள்ளுப்பாட்டியோ அப்படி யாராவது இருந்திருந்தால், சம்பளச் சீட்டு, துரை எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம், யூனிஃபார்மோடு எடுத்த போட்டோ எதுவாவது பெட்டியில் கிடந்தால், தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர் மட்டும் நினைவிருந்தாலும் போதும், எழுதிக்கொள்கிறேன்.