கதவெண்: ஒரு புள்ளியும் 1,200 பிரேம்களும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் அண்ணன் மகள், நண்பர்களுடன் சேர்ந்து 14 நிமிடத் திகில் படம் ஒன்றை எடுத்திருக்கிறாள். சிங்கப்பூர் தோ பாயோவின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றில், நீண்ட பொது நடைவழியின் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணின் கதை அது, பெயர் 'கதவெண்'. "அத்தை, டைட்டில மட்டும் நீங்க செஞ்சு தாங்க" என்று அவள் கேட்டபோது, சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். 50 விநாடிகளுக்கு, அதாவது விநாடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம் 1,200 பிரேம்களுக்கு, மூன்று வாரங்கள் பிடித்தன.

இரத்தம் சொட்டும் சிவப்பு எழுத்துகள் வேண்டாம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1960இல் வெளிவந்த 'சைக்கோ' படத்துக்கு வரைகலைஞர் சால் பாஸ் அமைத்த தொடக்கத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, பெயர்கள் துண்டு துண்டாக வந்து பொருந்திப் பின் சிதறுகின்றன. வாசிப்பை முடிக்கவிடாமல் ஒரு நொடி தடுப்பதிலேயே பதற்றம் பிறந்துவிடுகிறது. ஆனால் அதே வெட்டைத் தமிழ் எழுத்தின்மேல் போட முடியாது. மேற்பகுதியை மறைத்தால் புள்ளி போய் 'ண்' என்பது 'ண' ஆகிவிடும். இடப்பக்கத்தை மறைத்தால் கொம்பு போய் 'வெ' வெறும் 'வ' ஆகிவிடும். சொல் சிதைவதற்குப் பதிலாக வேறு சொல்லாக மாறி நிற்கும்.

ஆகவே, நம் எழுத்து தானாகவே எங்கே காக்க வைக்கிறது என்று தேடினோம். 'கத' என்று இரண்டெழுத்து வந்தபின் ஒற்றைக்கொம்பு மட்டும் தனியாகத் தோன்றினால், எகரமோ ஒகரமோ ஔகாரமோ வரப்போகிறது என்று தெரியும், எந்த மெய்யோடு என்பது தெரியாது. அந்த ஒரு விநாடி நேரம் தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் தவிப்பு. இதைக் கணினியில் செய்வது எளிதாக இல்லை. கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் மெய்யெழுத்தே முதலில் வருவதால், கொம்பைத் தனியாகத் தட்டச்சு செய்தவுடன் புள்ளியிட்ட வட்டம் ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவில் முழுச் சொல்லையும் அமைத்து, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் அதை வெறும் வடிவங்களாக மாற்றி, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி அடுக்காகப் பிரித்துக்கொண்டேன்.

புள்ளியைப் பற்றிய எண்ணம் அவளுடையது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இரவில் நடைவழியில் நின்று பார்த்தால், உள்ளே விளக்கு எரியும் வீட்டின் கதவுத் துளை சிறு ஒளிப்பொட்டாகத் தெரியும். யாராவது உள்ளிருந்து எட்டிப் பார்க்க வந்தால் அது இருண்டுவிடும். 'ண்' மேலுள்ள புள்ளியை அந்தத் துளையாகவே ஆக்கிவிடலாமே என்றாள். எழுத்துருவில் இருந்த புள்ளியை எடுத்துவிட்டு, பித்தளை விளிம்பு போல ஒரு மெல்லிய வளையம் வரைந்து, நடுவில் மஞ்சள் ஒளி வைத்தேன். தலைப்பு முழுமையாகி எல்லாம் அசையாமல் நிற்கும்போது அந்த ஒளி மட்டும் அணைகிறது. முதலில் 48 பிரேம்கள் இருட்டாக விட்டேன்; விளக்குப் பழுதானது போல இருந்தது. 6 பிரேம்களில் கண் கவனிக்கவே இல்லை. 18 பிரேம்கள், முக்கால் விநாடி, சரியாக அமைந்தது. அப்போது ஓசை ஏதும் வேண்டாம் என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்டுக்கொண்டோம்.

பெயர் அட்டைகளுக்கு, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் திரையில் விட்டேன். குழுவில் சீனரும் மலாய்க்காரரும் இருப்பதால், அவரவரிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினோம். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தாக இருந்த ஒளிப்பதிவாளரின் குடும்பப் பெயர் தமிழில் 'இங்' என்று வந்தது. அதன் மேலும் ஒரு புள்ளி இருப்பதைக் கண்டதும், அங்கேயும் ஒளி வைக்கலாமா என்று அண்ணன் மகள் கேட்டாள். கூடாது என்றேன். படத்தில் கதவு ஒன்றுதான்.